கறுப்பு வண்டியில் ஆயில் லீக்

1. ஐந்தருவி ஏற்றம்

சாரல் நன்றாகப் பிடித்திருந்த ஒரு சனிக்கிழமை. காலை பதினொரு மணி இருக்கும். தென்காசியில் என் ஒர்க்‌ஷாப்பில் ஒரு வேனின் பிரேக் டிரம்மைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது.

"இசக்கி மெக்கானிக்கா? ஐந்தருவி ரோட்டுல ஒரு பழைய கறுப்பு காரு பழக்கடைக்குள்ள போயிட்டு. காருல இருக்க பெரியவரு உம்ம நம்பரத்தான் குடுத்தாரு. வெரசா வாரும்."

கறுப்பு கார் என்றதுமே யார் என்று தெரிந்துவிட்டது. என்னிடம் வேலை பார்த்த சுடலையைப் பைக்கின் பின்னால் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன்.

சீசன் கூட்டம். ஏற்றத்தில் இரண்டு பக்கமும் பஸ் நின்றது. ஞானராஜ் சாரின் வண்டி பின்பக்கமாக உருண்டு ஒரு தட்டிக் கடைக்குள் பாதி புகுந்திருந்தது. மங்குஸ்தானும் ரம்புட்டானும் மழைத்தண்ணீரில் உருண்டு கிடந்தன. கடைக்காரம்மா தலையில் கையை வைத்துக்கொண்டு சத்தம் போட்டுக்கொண்டிருந்தாள். சார் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவர் மனைவி எலிசபெத் டீச்சர், மடியில் பையோடு.

ஆளுக்கு அடி ஒன்றுமில்லை. ஆனால் வண்டி உருண்டு வந்த நொடியில் அந்த இடத்தில் இரண்டு பிள்ளைகள் நின்று பழம் வாங்கிக்கொண்டிருந்திருக்கிறார்கள். அவர்களுடைய அப்பா இழுத்துப் போட்டதால் தப்பினார்கள். அந்த மனிதர் இரண்டு பிள்ளைகளையும் விடாமல் பிடித்துக்கொண்டு நின்றார்.

நடந்ததை பஸ் கண்டக்டர் சொன்னார். முன்னால் போன பஸ் ஏற்றத்தில் நின்றதும் சாரும் நின்றிருக்கிறார். திரும்ப எடுக்கும்போது எஞ்சின் உறுமியிருக்கிறது, வண்டி ஏறவில்லை. பின்னால் உருண்டுவிட்டது.

சுடலை நனைந்த ரோட்டில் படுத்து அடியில் பார்த்தான். "பெல் ஹவுசிங் வழியா கொட்டுது அண்ணாச்சி. கிளட்ச் பிளேட்டு எண்ணெயில குளிச்சிருக்கு" என்றான். பெல் ஹவுசிங் என்றால் கிளட்சை மூடியிருக்கிற கூடு. கிளட்ச் பிளேட்டில் எண்ணெய் பட்டால் வழுக்கும். எஞ்சின் எவ்வளவு சுற்றினாலும் சக்கரத்துக்கு வேகம் போகாது. வண்டி ஏறாததற்குக் காரணம் கிடைத்துவிட்டது.

அப்படியென்றால் பிரேக்கை ஏன் மிதிக்கவில்லை என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. எழுபத்தாறு வயது மனிதர், பதறியிருப்பார் என்று விட்டுவிட்டேன். என் கவலை வேறு. அந்த எஞ்சினை இறக்கிப் பின்பக்க ஆயில் சீல் போட்டது என் ஒர்க்‌ஷாப். போட்டு மூன்று வாரம்கூட ஆகவில்லை.

2. ஏற்கெனவே செய்த வேலை

அது நான் பிறப்பதற்கு முன்னால் இங்கிலாந்தில் செய்த வண்டி. சாரின் அப்பா ஒரு தேயிலை எஸ்டேட்டிலிருந்து வாங்கியது. சார் அரசாங்கத்தில் இன்ஜினியராக இருந்தவர். குளம், கால்வாய், மதகு என்று வாழ்க்கை முழுக்கத் தண்ணீரோடு கிடந்தவர். வீடு இலத்தூரில். ஒரே மகள் வெளிநாட்டில். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கும் சனிக்கிழமை குற்றாலத்துக்கும் சாரும் டீச்சரும் அந்த வண்டியில்தான் போவார்கள்.

இதை வாசிக்கிற இளம் மெக்கானிக்குகள் இப்படிப்பட்ட எஞ்சினைப் பிரித்திருக்க மாட்டார்கள். அதனால் சொல்கிறேன். மேலே மூடுகிற டேப்பெட் கவருக்கும் கீழே எண்ணெய் தங்குகிற சம்புக்கும் கார்க் பேக்கிங்தான். முன்பக்கம் ஒரு கம்பளி வளையம். பின்பக்கம் அதுவும் கிடையாது. கிராங்க் ஷாஃப்டின் முனையில் திருகாணி மரை மாதிரி வெட்டியிருப்பார்கள். ஷாஃப்ட் சுற்றும்போது அந்த மரையே எண்ணெயை உள்ளே தள்ளிவிடும். மரை தேய்ந்தால் எண்ணெய் பின்னால் வந்து கிளட்சில் இறங்கும்.

முதல் தடவை வந்தது பனிக்காலத்தில். எஞ்சினை டீசலில் கழுவிக் காயவைத்து, முகப் பவுடரைத் தூவி ஓடவிட்டோம். எங்கே ஒழுகுகிறதோ அங்கே பவுடர் நனைந்து கறுத்துவிடும். மேலும் கீழும் கார்க் காய்ந்து போயிருந்தது. புது பேக்கிங் வெட்டிப் போட்டோம். ஒழுகல் நின்றது.

வண்டியை எடுக்கும்போது சாரிடம் ஒரு வார்த்தை சொன்னேன். எல்லா வாடிக்கையாளரிடமும் சொல்வதுதான்.

"பழைய எஞ்சின் சார். தெனம் காலைல எண்ணெய் பாத்துக்கிடுங்க. கொறஞ்சா ஊத்துங்க."

"சரி இசக்கி. தெனம் பாக்கேன்" என்றார்.

நாலு மாதம் கழித்துத் திரும்ப வந்தது. இந்தத் தடவை பின்பக்கம். எஞ்சினை இறக்கினோம். மரை தேய்ந்துதான் இருந்தது. லேத்தில் ஒரு வளையம் கடைந்து, இப்போதைய ரப்பர் சீல் உட்காரும்படி செய்யலாம் என்று சொன்னது சுடலை.

சுடலை என்னோடு இருபத்திரண்டு வருடம் இருந்தவன். செங்கோட்டைக்காரன், என்னைவிட ஏழெட்டு வயது இளையவன். அதிகம் பேச மாட்டான். நான் வாடிக்கையாளர்களிடம் பேசுவேன், அவன் எஞ்சினோடு இருப்பான். அந்த சீலை உட்காரவைக்கும்போது பக்கத்தில் யாரையும் விடவில்லை. நாலு நாள் ஆனது. சார் தினமும் வந்து ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்தார்.

"மதகுல தண்ணி கசிஞ்சா அங்கன ஓட்டை இருக்காது இசக்கி. மேல எங்கயாவது இருக்கும். நான் சைட்டுக்குப் போனா கரை முழுக்க நடந்து பாத்துட்டுத்தான் வாயத் தொறப்பேன்" என்று சுடலையின் வேலையைப் பார்த்தபடியே சொன்னார். சுடலை சிரித்துக்கொண்டான். இரண்டு பேருக்கும் ஒருவரை ஒருவர் பிடித்திருந்தது.

அதற்குப் பிறகுதான் ஐந்தருவி ஏற்றம்.

3. திங்கட்கிழமை

வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்து போட்டோம். திங்கட்கிழமை காலை சுடலை அடியில் படுத்து எண்ணெயை வடித்துக்கொண்டிருந்தான். நான் முன்னால் நின்றேன். இரண்டு வேன் டிரைவர்களும் ஸ்கூட்டருக்காகக் காத்திருந்த ஒரு வாத்தியாரும் இருந்தார்கள். சாரும் டீச்சரும் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள்.

சார் சத்தம் போடுகிறவர் இல்லை. அன்றைக்கும் போடவில்லை.

"இசக்கி, அந்தப் பிள்ளைங்க ரெண்டும் நின்ன எடம் அது. ஏதாவது ஆயிருந்தா நான் உயிரோட இருந்திருக்க மாட்டேன். உங்கிட்ட விட்டா வேல சுத்தமா இருக்கும்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சேனே."

நாலு பேர் முன்னால் அதைக் கேட்டபோது எனக்கு முகம் எரிந்தது. கோபத்தை யார் மேலாவது இறக்க வேண்டும் போலிருந்தது.

"ஏலே சுடலை, இங்கன வாலே."

அவன் அடியிலிருந்து எழுந்து வந்தான். முழங்கை வரை எண்ணெய் வழிந்தது. சட்டை நனைந்திருந்தது. அவன் படுத்திருந்த இடத்தில் தரையெல்லாம் எண்ணெய் ஓடிக்கொண்டிருந்தது.

"என்னலே இது கோலம்? ஒரு சீல ஒழுங்கா வைக்கத் தெரியல. எண்ணெய வடிக்கவும் தெரியலையா ஒனக்கு?"

"அண்ணாச்சி, ஒரு நிமிசம் அடியில வந்து பாருங்க. எனக்கு ஒரு சந்தேகம்..."

"எதப் பாக்கணும்? நீ செஞ்ச லெச்சணத்தத்தான் ஐந்தருவியில ஊரே பாத்திட்டுதே! கண்ணு மங்கிட்டுன்னா வீட்டுல கெட. ரெண்டு பிள்ளையள கொல்லப் பாத்தியேலே."

ஒர்க்‌ஷாப் முழுக்க எங்களைத் திரும்பிப் பார்த்தது. சாரே முன்னால் வந்து என் தோளைத் தொட்டு, "விடு இசக்கி, விடு" என்றார். சுடலை என்னைப் பார்த்தான். பிறகு வேஸ்ட் துணியை எடுத்து ஒவ்வொரு விரலாகத் துடைத்தான். சட்டையைக்கூட மாற்றாமல் மழையில் இறங்கி பஸ் ஸ்டாண்ட் பக்கம் நடந்தான்.

மறுநாள் வரவில்லை. மூன்றாம் நாளும் வரவில்லை. நான் கூப்பிடவில்லை. நான்தானே முதலாளி, அவன்தான் வர வேண்டும் என்று இருந்துவிட்டேன்.

ஒரு வாரம் கழித்து ஒரு லாரி டிரைவர் சொன்னார். "உம்ம சுடலை புளியறை செக்போஸ்ட் தாண்டி மலையாளப் பக்கம் ஒரு ஒர்க்‌ஷாப்புல நிக்காரு. தெரியுமா?"

தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. தெரியும் என்று சொல்லிவிட்டேன்.

எஞ்சினை நானே இறக்கினேன். ஃப்ளைவீலைக் கழற்றிவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தேன். சுடலை வைத்த சீல் வைத்தபடி இருந்தது. நகத்தால் சுற்றிலும் தடவினேன். ஒரு மயிரிழை ஏற்றத்தாழ்வு இல்லை. சீலின் உதட்டு விளிம்பில் வெட்டு இல்லை, கிழிசல் இல்லை. இருபத்திரண்டு வருடத்தில் அவன் செய்த நல்ல வேலைகளில் அது ஒன்று.

அந்த நேரத்திலேயே போனை எடுத்திருக்க வேண்டும். எடுக்கவில்லை. நல்ல சீலைக் குத்தி எடுத்துத் தூரப் போட்டுவிட்டுப் புதுசு ஒன்றை வைத்தேன். புது கிளட்ச் பிளேட் போட்டேன். "சரியாயிட்டு சார்" என்று வண்டியைக் கொடுத்தேன்.

4. இலத்தூர் ஷெட்

பன்னிரண்டு நாள் கழித்துக் காலையில் டீச்சர் போன் செய்தார். குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"தம்பி, திரும்பவும் ஒழுகுது. அவர் வண்டிய வெளிய எடுக்கதுக்குள்ள கொஞ்சம் வாங்க."

நான் போனபோது ஏழரை மணி. வீட்டை ஒட்டிய ஷெட்டில் வண்டிக்கு அடியில் அட்டை விரித்திருந்தார்கள். அட்டை ஊறிக் கறுத்திருந்தது. சார் இஸ்திரி போட்ட சட்டையில் உற்சாகமாக இருந்தார்.

"வா இசக்கி. டீ குடி."

டீச்சர் கொண்டுவந்த டீயைக் கையில் வாங்கிக்கொண்டு நின்றேன். சார் பானெட்டைத் திறந்தார். "நீ சொன்ன மாதிரி தெனம் எண்ணெய் பாக்கேன்" என்றார். அலமாரியிலிருந்து ஒரு லிட்டர் டப்பாவை எடுத்து, புனலை வைத்து, முழுவதையும் ஊற்றினார். கடைசிச் சொட்டு இறங்கும் வரை பொறுமையாகப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"அளவு ஸ்டிக்க இழுத்துப் பாக்கலையா சார்?"

"கீழ சொட்டுதுல்லா? அப்ப உள்ள கொறஞ்சுதான இருக்கும்."

புனலைத் துடைத்து ஆணியில் மாட்டினார். பானெட்டை மூடினார். கை கழுவ உள்ளே போனார். நான் குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தேன். அதே பெல் ஹவுசிங்.

சார் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"அடடே, வா இசக்கி. எப்ப வந்த? டீ குடிச்சியா?"

என் கையில் பாதி குடித்த டீ இருந்தது. வேடிக்கை பண்ணுகிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் பானெட்டைத் திறந்தார்.

"நீ சொன்ன மாதிரி தெனம் எண்ணெய் பாக்கேன்" என்றபடி இன்னொரு டப்பாவை எடுத்து மூடியைத் திருகினார்.

எட்டி அவர் கையைப் பிடித்தேன்.

"சார், இப்பதான ஊத்துனீங்க."

"நானா?" சிரித்தார். பிறகு அலமாரியில் இருந்த காலி டப்பாவைப் பார்த்தார். ஆணியில் ஆடிக்கொண்டிருந்த புனலைப் பார்த்தார். சிரிப்பு மெதுவாகப் போய்விட்டது. கையிலிருந்த டப்பாவைக் கீழே வைத்தார்.

"ஆமால்லா" என்றார். அவருக்கு ஞாபகம் வந்து சொன்னதல்ல. நான் சங்கடப்படக் கூடாது என்று சொன்னது.

நான் ஸ்டிக்கை இழுத்தேன். கோட்டைத் தாண்டிப் பிடி வரைக்கும் எண்ணெய் நனைத்திருந்தது. நாலு லிட்டர் பிடிக்கிற சம்பில் ஆறு லிட்டருக்கு மேல் கிடந்தது. அவ்வளவு எண்ணெய் இருந்தால் கிராங்க் அதில் முங்கி அடிக்கும், நுரைக்கும். எந்த சீலாக இருந்தாலும் மீறிக்கொண்டு வரும். வண்டி ஓட ஓட கூடுதல் எண்ணெய் வெளியே போய்விடும், மறுநாள் காலையில் சார் திரும்ப நிரப்பிவிடுவார். முதல் தடவை ஒழுகியது நிஜம். இரண்டாவதில் மரைத் தேய்மானம் பாதி, இது பாதி. அதற்கு மேல் எஞ்சினில் ஒரு குற்றமும் இல்லை.

ஆயில் லீக் என்று வந்த வண்டியில் நான் ஒரு தடவைகூட ஸ்டிக்கை இழுத்துப் பார்த்ததில்லை. கீழே சொட்டினால் உள்ளே குறைந்துதானே இருக்கும்? சார் நினைத்ததையேதான் நானும் நினைத்திருக்கிறேன்.

5. டீச்சர் கேட்டது

டீச்சர் என்னைப் பின்வாசல் பக்கம் கூப்பிட்டார். நான் சொல்ல ஆரம்பிக்கும் முன்னால், "தெரியும் தம்பி" என்றார்.

"ஒரு வருசமாவே இப்படித்தான். கேட்ட கேள்வியவே கேப்பாரு. கோயில்ல பாட்டுப் பொஸ்தகத்தத் தலகீழா வச்சிருப்பாரு. டாக்டர்ட்ட காட்டியாச்சு. இனிமே கூடத்தான் செய்யும், கொறையாதுன்னு சொல்லிட்டாரு. வண்டி ஓட்டக் கூடாதுன்னும் சொன்னாரு. வீட்டுக்கு வாரதுக்குள்ள இவருக்கு அது மறந்துபோச்சு."

"சாவிய எடுத்து வச்சிர வேண்டியதுதான டீச்சர்?"

"வச்சேன். நாள் முழுக்கத் தேடுனாரு. கட்டிலுக்கு அடியில, அரிசிப் பானையில. சாயங்காலம் சின்னப் பிள்ளை மாதிரி அழுதாரு. எடுத்துக் குடுத்துட்டேன். என் தப்புதான்."

வீட்டுக்குள் ஒரு தடவை எட்டிப் பார்த்தார். பிறகு சொன்னார்.

"அன்னைக்கு ஐந்தருவி ஏத்தத்துல வண்டி பின்னால போவுது. இவரு என் பக்கம் திரும்பி, 'லிசி, பிரேக்கு எது?'ன்னு கேட்டாரு தம்பி. நான் வண்டி ஓட்டுனவளா? எனக்கென்ன தெரியும்? நடுவுல இருக்கதா இருக்கும்னு கைய காட்டுனேன். அதுக்குள்ள கடைக்குள்ள போயிட்டு."

நான் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டேன்.

"நீங்க ஒரு உதவி செய்யணும். இந்த எஞ்சின இனிமே சரி பண்ண முடியாதுன்னு அவர்ட்ட சொல்லுங்க."

"எஞ்சின் நல்லா இருக்கு டீச்சர். சார் இன்ஜினியரு. காரணம் கேப்பாரு."

"நான் சொன்னா நிக்காது. டாக்டர் சொன்னதும் நிக்கல. நீங்க சொன்னா அவருக்கு நிக்கும். தெனம் எண்ணெய் பாருங்கன்னு நீங்க சொன்னது நின்னுச்சுல்லா?"

சரி என்று சொல்லிவிட்டேன்.

வண்டியை ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோய் வேலை பார்ப்பதுபோல இரண்டு நாள் வைத்திருந்தேன். திரும்பக் கொண்டுவந்து ஷெட்டில் விட்டுவிட்டு சாரிடம் சொன்னேன். "எஞ்சின் பிளாக்குல கிராக் சார். மெயின் பேரிங் பக்கம், உள்ள. அதுல இருந்துதான் எண்ணெய் வருது. இனி இத ஓட்ட முடியாது."

அவர் என் முகத்தையே பார்த்தார். "வெல்டு வைக்க முடியாதா?"

"வார்ப்பிரும்பு சார். பிடிக்காது."

வார்ப்பிரும்பிலும் விரிசலைத் தைப்பதற்கு வழி உண்டு. ஒரு வருடத்துக்கு முந்தைய ஞானராஜ் சார் என்றால் என்னை விட்டிருக்க மாட்டார். எந்த இடம், எத்தனை அங்குலம், காட்டு என்று டார்ச்சோடு கிளம்பியிருப்பார். அன்று தலையை மட்டும் ஆட்டினார். சாவியை அவரே டீச்சர் கையில் கொடுத்தார். ஒரு தொழில்காரன் தன் வாயால் நல்ல எஞ்சினைச் செத்துப்போச்சு என்று சொல்லுகிற நாள் வரக் கூடாது. எனக்கு வந்தது.

விடைபெறும்போது கூப்பிட்டார்.

"இசக்கி, அப்ப சுடலை மேல தப்பே இல்லையே. கிராக் இருந்தா அவன் என்ன செய்வான்? அத்தன பேரு முன்னால ஏச்சு வாங்குனான், என்னாலல்லா? என்ன அவன்ட்ட கூட்டிட்டுப் போ. நான் மன்னிப்பு கேக்கணும்."

6. புளியறை

மறுநாள் காலைக்குள் மறந்துவிடுவார் என்று நினைத்தேன். மறக்க வேண்டும் என்றும் நினைத்தேன். ஒன்பது மணிக்குப் போனால் சட்டை போட்டு, செருப்பு மாட்டி, வாசல் படியில் நின்றுகொண்டிருந்தார். கையை விரித்துக் காட்டினார். உள்ளங்கையில் பேனாவால் எழுதியிருந்தது: சுடலை.

என் வேனில் போனோம். செக்போஸ்டுக்குக் கொஞ்சம் முன்னால் லாரிகள் நிற்கிற இடத்தில் ஒரு டீக்கடை. கிளம்பும்போதே சுடலைக்குப் போன் போட்டு அங்கே வரச் சொல்லியிருந்தேன். போனில் அவன் 'சரி' என்று ஒரு சொல்தான் சொன்னான்.

வந்தான். பைக்கை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்தான். சார் அவன் இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"சுடலை, பிளாக்குல கிராக்காம்ப்பா. இசக்கி கண்டுபிடிச்சிட்டான். ஒன் சீலு சரியாத்தான் இருந்திருக்கு. என்னால நீ ஏச்சு வாங்கிட்ட. மனசுல வச்சிக்கிடாத."

சுடலை என் பக்கம் திரும்பினான். அந்த பிளாக்கை நாலு நாள் மேசையில் போட்டுக் கழுவி, ஒவ்வொரு அங்குலமாகத் துடைத்தவன் அவன். அதில் விரிசல் இல்லை என்று என்னைவிட அவனுக்கு நன்றாகத் தெரியும். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவன் சாரின் முகத்தைப் பார்த்தான். பிடித்திருந்த கையில் தன் பெயர் எழுதியிருந்ததைப் பார்த்தான்.

"ஆமா சார். எனக்கும் அப்பமே ஒரு சந்தேகம் இருந்துச்சு. கிராக்குதான். அதுக்கு யாரும் ஒண்ணும் செய்ய முடியாது சார்."

"என் மேல வருத்தம் இல்லையே?"

"ஒங்க மேல என்ன வருத்தம் சார்? பழம்பொரி சூடா இருக்கு, சாப்பிடுங்க."

சார் அந்த வாழைப்பழ பஜ்ஜியை நிம்மதியாகச் சாப்பிட்டார். இரண்டு கேட்டு வாங்கினார். பிறகு ரோட்டோரம் இருந்த சின்னப் பாலத்துக்குப் போய், கீழே ஓடுகிற மழைத்தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"எத்தன நாளா இப்படி?" என்று சுடலை கேட்டான்.

"ஒரு வருசமாம். மூணு நாளைக்கு முன்னாலதான் எனக்கே தெரியும். தெனம் லிட்டர் லிட்டரா ஊத்திருக்காரு."

"அதான்" என்றான். "ட்ரே வழிஞ்சுது அண்ணாச்சி."

"எந்த ட்ரே?"

"அன்னைக்கு நான் எண்ணெய் வடிக்கும்போது. அஞ்சு லிட்டர் ட்ரே நெறஞ்சு, தரையெல்லாம் ஓடி, என் மேலயும் வழிஞ்சுது. ஒழுகுற வண்டியில ட்ரே எப்படி வழியும்? யாரோ கூட ஊத்துதாங்கன்னு தோணிச்சு. அதக் காட்டத்தான் ஒங்கள அடியில வந்து பாக்கச் சொன்னேன்."

அவன் சட்டையில் எண்ணெய் வழிய நின்றது கண் முன்னால் வந்தது. கழிவு எண்ணெயை பேரலில் கொட்டிவிட்டு, அதே தரையில் மரத்தூளைப் போட்டுப் பெருக்கியது நான்தான். பெருக்கும்போதும் அவனைத்தான் வைதேன். அப்போதாவது யோசித்திருக்கலாம்.

"தப்பு பண்ணிட்டேன்லே" என்றேன்.

"சரி, விடுங்க அண்ணாச்சி."

"நாளைக்கு ஒர்க்‌ஷாப்புக்கு வா."

"சார் ரோட்டுக்கு எறங்குதாரு, பாருங்க" என்றான். நான் ஓடிப்போய் சாரைப் பிடித்தேன். திரும்பிப் பார்த்தபோது அவன் பைக் எல்லையைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

7. அதற்குப் பிறகு

சார் சில மாதம் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "வேற பிளாக் கெடைச்சுதா?" என்று கேட்டார். "தேடுதேன் சார்" என்பேன். ஒவ்வொரு தடவையும் அந்தப் பொய்யைப் புதிதாகச் சொல்ல வேண்டியிருந்தது. அடுத்த சீசன் வருவதற்குள் கேட்பதை நிறுத்திவிட்டார். நான் யார் என்று டீச்சரிடம் கேட்க ஆரம்பித்தார். கடைசியில் டீச்சரையே யார் என்று கேட்டார். டீச்சர் ஒவ்வொரு முறையும், "லிசி" என்று பெயரைச் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்து கஞ்சி ஊட்டுவார்.

அந்த வருடம் ஐப்பசி அடைமழையில் சார் போய்விட்டார். சுடலைக்குச் சொல்லி அனுப்பினேன். புளியறையிலிருந்து பஸ் பிடித்து, வேட்டி முழங்கால் வரை நனைந்து வந்தான். கல்லறைத் தோட்டத்தில் ஜெபம் முடியும் வரை வாசல் பக்கத்திலேயே நின்றான். எல்லாரும் போன பிறகு வந்து ஒரு பிடி மண் போட்டான்.

பஸ் ஸ்டாப் வரை இரண்டு பேரும் ஒரே குடையில் நடந்தோம். நான் திரும்பவும் கேட்டேன். அந்த வருடத்தில் அது நாலாவது தடவையோ ஐந்தாவது தடவையோ.

"வந்துருலே. ஒன் சாமானெல்லாம் அப்படியே இருக்கு. யாரையும் தொட விடல."

"அந்த ஒர்க்‌ஷாப்பு ஒண்ணும் பெருசு இல்ல அண்ணாச்சி" என்றான். "சம்பளமும் கம்மிதான். மழ பெஞ்சா உள்ள ஒழுகும். ஆனா அங்கன நான் ஒண்ணு சொன்னா மொதலாளி குனிஞ்சு பாக்காரு."

என் மேல் கோபமாகச் சொல்லவில்லை. வராததற்குக் காரணத்தைச் சொன்னான், அவ்வளவுதான். பஸ் வந்தது. "வாரேன் அண்ணாச்சி" என்று ஏறிக்கொண்டான்.

ஆயில் லீக் என்று ஒரு வண்டி வந்தால் சீலையும் பேக்கிங்கையும் பிறகு பாருங்கள். முதலில் ஸ்டிக்கை இழுங்கள். எண்ணெய் ஊற்றுவது யார், எத்தனை நாளைக்கு ஒரு தடவை, எவ்வளவு என்று கேளுங்கள். வீட்டில் கூட இருக்கிறவர்களிடமும் கேளுங்கள். வடித்த எண்ணெயை அளக்காமல் கொட்டாதீர்கள். இதெல்லாம் ஒரு நாளில் படித்துக்கொள்ளலாம். இன்னொன்று, வாடிக்கையாளர் முன்னால் உங்கள் மானம் போகிற மாதிரி இருக்கும்போது, கூட வேலை பார்க்கிறவன் ஏதோ சொல்ல வந்தால், அவன் சொல்லி முடிக்கிற வரைக்கும் வாயை மூடிக்கொண்டு நில்லுங்கள். எனக்கு அதைப் படிக்க இருபத்திரண்டு வருடம் அவகாசம் இருந்தது. படிக்கவில்லை.